வௌவால் படம் போட்ட பெட்டி

1

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கைபேசிக்குப் படம் ஒன்று வந்தது. இன்னும் பெட்டியாக மடிக்கப்படாத பட்டாசு அட்டை. கருநீலப் பின்னணியில் பெரிய நிலா, அதன் குறுக்கே சிறகு விரித்த வௌவால். அதன் கீழே ‘சத்தம் குறைவு, புகை குறைவு’ என்று எழுதியிருந்தது. அடுத்த வரி பொடி எழுத்தில்: ‘வௌவால்களுக்காக வெடிக்காத கிராமத்திலிருந்து.’ அட்டையின் ஓரத்தில், பசை காய்ந்து வெளுத்த ஒரு கட்டைவிரலும் படத்தில் விழுந்திருந்தது.

விரல் செல்வி மதினியுடையது. என் பெரியப்பா மகன் ராமர் அண்ணனின் மனைவி. சிவகாசியில் பட்டாசுப் பெட்டி ஒட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். படத்தோடு ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தார். பின்னணியில் மின்விசிறிச் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன.

“கொழுந்தனாரே, இன்னைக்கு எங்க கம்பெனிக்கு வந்த லோடு இது. எங்கம்மா படம் எப்படி வந்திருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

நான் நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் உள்ள ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். நகர நூலகத்தில், திரும்பி வரும் புத்தகங்களை இனம் பிரித்து அடுக்கும் வேலை. படம் வந்தபோது தள்ளுவண்டியோடு சிறுவர் பகுதியில் நின்றிருந்தேன். மதினிக்குக் கிண்டல் பழக்கம் உண்டு. பாதி புரிந்ததே போதும் என்று, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு வண்டியைத் தள்ளினேன்.

அந்த மஞ்சள் பொம்மை இன்னும் அங்கேயே இருக்கிறது. அழித்தால் அழித்த தடம் தெரியும் என்பதால் அழிக்கவில்லை.

2

எங்கள் ஊர், ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் அங்கே வளரவில்லை. அப்பாவுக்கு விருதுநகரில் ஒரு மிளகாய் மண்டியில் வேலை. தீபாவளி எங்களுக்கு விருதுநகரில்தான். மறுநாள் பெரியப்பா வீட்டுக்குப் போவோம். வெடிக்காமல் மிச்சம் வைத்த பொட்டலங்களை நான் கையோடு கொண்டு போவேன். வாசலிலேயே பெரியப்பா அவற்றை வாங்கிப் பரணில் வைத்துவிடுவார்.

“இங்கன போடக்கூடாதுய்யா. கண்மாய்க் கரை ஆலமரத்துல வௌவா இருக்கு. சத்தம் கேட்டா பயந்து பறந்துரும்.”

ஊரில் பாதிப் பேர் பட்டாசு வேலை பார்ப்பவர்கள். ஊரே தீபாவளியன்று சத்தமின்றி இருக்கும். எனக்கு அது பெருமையாக இருந்தது. மறு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

பிறகு மதுரையில் ஒரு நாளிதழில் நிருபராகச் சேர்ந்து பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். வெம்பக்கோட்டைப் பக்கமோ தாயில்பட்டிப் பக்கமோ ஆலையில் விபத்து என்றால், ‘உங்க ஊர்ப் பக்கம்தானே’ என்று என்னைத்தான் அனுப்புவார்கள். எரிந்த ஷெட்டின் முன் நின்று, அழுதுகொண்டிருப்பவர்களிடம் இறந்தவரின் பெயர், வயது, கணவர் பெயர், எத்தனை பிள்ளைகள் என்று வரிசை தவறாமல் கேட்டு எழுதியிருக்கிறேன். யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கும் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும் என்பார் செய்தி ஆசிரியர். ஏன் என்பதை இடம் இருந்தால் சேர்க்கலாம்.

மனைவியின் வேலையை ஒட்டி இந்த நாட்டுக்கு வந்தோம். மகள் தாமரை இங்கே பிறந்தவள். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: “அப்பா, சிவகாசி நம்ம ஊரா?”

வகுப்பில் குழந்தைத் தொழிலாளர் பற்றிய பாடமாம். திரையில் பழைய படம் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். கையெல்லாம் வெள்ளிப் பொடி அப்பிய பிள்ளைகள். கீழே சிவகாசி என்ற பெயர். யாரோ திரும்பி இவளைப் பார்த்திருக்கிறார்கள். அதுவரை நண்பர்களிடம் ‘சென்னைக்குப் பக்கம்’ என்று சொல்லிவந்தவளாம்.

அந்தப் படம் பழையது, இப்போது அப்படி இல்லை என்று தொடங்கியிருக்கலாம். சட்டம், சோதனை, பள்ளிக்கூடம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். குழந்தைக்கு அது போதாது என்று நினைத்தேன். “நம்ம ஊர்ல யாருமே வெடி போட மாட்டாங்க, தெரியுமா? ஆலமரத்து வௌவாலுக்காக” என்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். மறுநாள் வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை கைகுலுக்கினாராம். அன்றிலிருந்து அவளுக்கு ஓர் ஊர் கிடைத்தது.

3

இங்கே பட்டாசு, ஆண்டின் கடைசி மூன்று நாட்கள்தான் விற்பனைக்கு வரும். புத்தாண்டு பிறக்கும்போது இந்த ஒழுங்கான நகரம் போர்முனை மாதிரி ஆகிவிடும். எங்கள் பூனை குளியலறைத் தொட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்ளும். விடிந்தால் வாய்க்கால் நீரில் சிவப்புக் காகிதம் மிதக்கும். விற்பது எதுவும் சிவகாசிச் சரக்கு அல்ல. ஆனாலும் அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போது ஊரிலிருந்து யாரோ வந்து குப்பை போட்டுவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நகருக்குள் பட்டாசைத் தடை செய்ய வேண்டும் என்று எங்கள் பகுதியில் ஒரு சுற்றுச்சூழல் குழு இயங்குகிறது. அதை நடத்துபவர் மார்த்தா, ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை. மழையிலும் சைக்கிளில் வந்து வாய்க்காலில் காகிதம் பொறுக்குகிற, நேர்மையான மனுஷி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவரைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. தாமரை பதினைந்து வயதில் அந்தக் குழுவில் சேர்ந்தாள். அவள் சொல்லி, குழுவின் செய்திமடலுக்கு நான் ஒரு பக்கம் எழுதினேன்: பட்டாசு செய்கிற ஊர், வௌவாலுக்காக வெடிக்காத ஊர்.

டச்சு மொழியில் எனக்கு இன்னும் மரியாதைச் சொற்கள் இடம் மாறும். மேயரை ‘நீ’ என்றும், பக்கத்து வீட்டு நான்கு வயதுக் குழந்தையை ‘நீங்கள்’ என்றும் அழைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் ஒரு பிழை இல்லை. தாமரை மூன்று முறை திருத்தித் தந்தாள். பேக்கரியில் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்தி, ‘வௌவால் ஊர்க்காரர் நீங்கள்தானே’ என்று கேட்டார்கள். குழுவின் சுவரொட்டியில் வௌவால் ஏறியது. பிள்ளைகள் கறுப்பு அட்டையில் சிறகு வெட்டி மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள்.

போன ஜூலை விடுமுறையில் மார்த்தாவும், படம் பிடிக்க அவர் மருமகனும் எங்களோடு ஊருக்கு வந்தார்கள்.

கண்மாய் முக்கு டீக்கடையில்தான் முதல் வரவேற்பு. பெஞ்சில் இருந்த ஒருவர், ஆலையில் அந்த வாரம் வேலை இல்லாதவர், என்னிடம் கேட்டார்: “ஏலே சுந்தரம், வெடியே வேணாம்னு சொல்றவுக இவுகதானா?”

“ஆமாண்ணே.”

“டீ வேணாம்னு சொல்ல மாட்டாகள்ல?”

“குடிப்பாங்க.”

“அப்பச் சரி. ரெண்டு டீயப் போடுப்பா. சீனி கம்மியாப் போடு, அதுக்கும் தடை இருக்கப் போகுது.”

கடையே சிரித்தது. ராமர் அண்ணன் மட்டும் மார்த்தாவை நேராகப் பார்த்துப் பேசினார். “தில்லியில பொகைன்னு சொல்லி ஆர்டர நிப்பாட்டுனா, இங்கன எங்களுக்கு அம்புட்டு நாளும் வேலை கெடையாது. பொக கெட்டதுதான். நாங்க இல்லைங்கல. அத இந்தம்மாட்ட சொல்லுலே.”

சொன்னேன். தான் தொழிலாளர்களுக்கு எதிரி இல்லை என்றார் மார்த்தா. அதைத் தமிழில் சொன்னேன்.

“வாரவுக எல்லாரும் அதத்தான் சொல்றாக” என்றார் அண்ணன். பிறகு, விருந்தாளி முகம் கோணக் கூடாது என்பது போல, “கேளுங்க, கேளுங்க, வௌவாலப் பத்திக் கேளுங்க” என்று எழுந்தார்.

அதற்குப் பின் அன்று யாரும் வேறு எதுவும் பேசவில்லை. யாரைக் கேட்டாலும் ‘வௌவாலுக்காகத்தான்’ என்றே சொன்னார்கள். ஒரே வாக்கியம், கிட்டத்தட்ட ஒரே சொற்கள். என் பழைய அலுவலகத்தில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிற செய்தி வந்தால், போய் மறுபடி விசாரி என்பார்கள். நான் தலையாட்டித் தலையாட்டி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஆலமரத்தடியில் செல்வி மதினியை நிறுத்தினார்கள். தலைக்கு மேலே நூற்றுக்கணக்கில் பழந்தின்னி வௌவால்கள் கிரீச்சிட்டுக்கொண்டு தொங்கின. நீங்கள் ஏன் தீபாவளிக்கு வெடிப்பதில்லை என்று மார்த்தா கேட்டார். மதினி கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தாமரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“அதான் நம்ம கொழுந்தனாரு எழுதியிருக்காகளே. அவுக சொன்னதுதான்.”

“வௌவால்களுக்காகத்தான் என்கிறார்” என்று மொழிபெயர்த்தேன். செய்தியில் வளவளவென்று இருக்கும் வாக்கியத்தை வெட்டி நேராக்குவது என் தொழிலாக இருந்தது. கை பழகிவிட்டது.

அந்தப் படத்தை இங்கே பலர் பார்த்தார்கள். ஊரிலும் பார்த்தார்கள். ஆவணி மாதத்தில் ஆலமரத்துக்கு அருகே ஒரு போர்டு வந்தது. ‘வௌவால்களுக்காக வெடிக்காத கிராமம்.’ செலவை ஏற்றது பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி முதலாளி. பஞ்சாயத்தில் திறப்பு விழா வைத்தார்கள். அண்ணன் புகைப்படம் அனுப்பினார். தாமரை அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டினாள்.

4

பெட்டி அட்டை வந்த நாளில் நான் அனுப்பிய சிரிப்புப் பொம்மைக்கு மதினியிடமிருந்து பதில் இல்லை. மறுநாள் அவர்களுடைய சாப்பாட்டு நேரம் பார்த்து அழைத்தேன். எனக்கு அது காலை இடைவேளை. நூலகத்தின் பின்பக்கம், சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தேன்.

“நேத்து சிரிச்சிருந்தீக. நல்லா வந்திருக்குன்னு அர்த்தமா?”

“எனக்கு வெளங்கலை மதினி. கிண்டல்னு நினைச்சேன்.”

“எங்கம்மா எப்படிச் செத்தாகன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“மேலுக்கு முடியாம…”

“அப்பிடின்னு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. மதினிக்கு அம்மா இல்லை என்று தெரியும், அவ்வளவுதான். மீதியை நானாகவே நிரப்பி வைத்திருந்தேன். முன்பின் தெரியாத எத்தனையோ வீடுகளின் சாவுகளை வயதோடு விசாரித்து எழுதியவன், என் அண்ணன் வீட்டுச் சாவைக் கேட்டதே இல்லை.

மதினி சோற்றைப் பிசைந்துகொண்டேதான் சொன்னார். குரல் உயரவில்லை.

“கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஷெட் இருந்துச்சு. லைசென்ஸ் வேற எடத்துக்கு, வேல இங்கன. தீவாளிக்கு முந்துன வாரம். ஆர்டர் கெடக்குன்னு ஆள நெருக்கி ஒக்கார வச்சிருந்தாக. அஞ்சு பொம்பளைக. எல்லாம் நம்ம ஊருதான். எனக்கு எட்டு வயசு. அந்தத் தீவாளிக்கு ஊர்ல ஒருத்தரும் வெடி போடல. அடுத்த வருசமும் யாருக்கும் கை வரல. அதுக்கு அடுத்த வருசம் எவனோ வெவரம் இல்லாம ஒரு சரத்தக் கொளுத்திட்டான். எங்கப்பா வேட்டி அவுந்தது தெரியாம தெருவுல ஓடுனாரு, பேச்சி பேச்சின்னு. அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு போடுறதில்ல.”

“வௌவால்?”

“அது பெறகு வந்துச்சு. சத்தமில்லாத எடம்னு வந்து அடஞ்சிருக்கும். பிள்ளைக ஏன் வெடி போடக்கூடாதுன்னு அழுவுதுக. அதுகட்ட என்னன்னு சொல்றது? வௌவா பறந்துரும்னாக. பிள்ளைகளுக்குச் சொன்னது அது, கொழுந்தனாரே. நீங்க பெரிய ஆளா ஆன பெறகும் அதையே வச்சிருக்கீக.”

சைக்கிள் நிறுத்துமிடத்தில் யாரோ பூட்டைத் திறக்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அன்னைக்கு மரத்தடியில சொல்லியிருக்கலாமே மதினி.”

“நல்லாக் கேட்டீக. ஒங்கண்ணன் மொத நாளே வீடு வீடாப் போயிச் சொல்லிட்டு வந்தாரு. சுந்தரம் நம்ம ஊரப் பத்தி எழுதியிருக்கான், வெளிநாட்டுக்காரவுகளக் கூட்டிட்டு வாரான், எல்லாரும் வௌவான்னே சொல்லுங்க, அவன் மொகம் வாடிரக் கூடாதுன்னு. பக்கத்துல பிள்ள வேற நிக்கிது, அப்பா மொகத்தையே பாத்துக்கிட்டு. அசலாளுக முன்னாடி ஒங்கள விட்டுக் குடுக்கவா முடியும்?”

ஊர் முழுக்க, ஒரு டீக்கடை பாக்கியில்லாமல், என் பொய்யை எனக்காகச் சொல்லியிருக்கிறது. செத்தவர்களின் வீட்டாரும் சேர்ந்து சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் இதற்கு மரியாதை என்று பெயர். அன்று நான் அதைச் செய்திக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டேன்.

“பெட்டி யாரு கம்பெனியோடது?” என்று கேட்டேன்.

“போர்டு வச்சாருல்ல, அவருதான். அந்த ஷெட் யாருதுன்னு நெனைக்கீக? அவுக அப்பாதுதான். போர்டு நட்டிருக்கிற எடத்துல நின்னு பாத்தா ஷெட் இருந்த எடம் நேராத் தெரியும். நீங்களும் அங்கன நின்னுதான் படம் எடுத்தீக.” ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். “எனக்குக் கோவம்லாம் இல்ல. எங்கம்மாவுக்கு ஒரு படம் கெடையாது. ஒண்ணுகூட இல்ல. இப்ப அவுக இருந்த எடத்துக்கு வௌவாப் படம் வந்திருக்கு. அத நானே மடிச்சு நானே ஒட்டுறேன். அதான் எப்படி இருக்குன்னு ஒங்கட்ட கேட்டேன்.”

மணி அடித்தது. கையைக் கழுவ வேண்டும் என்று வைத்துவிட்டார்.

அன்று மாலை அண்ணனை அழைத்து, போர்டில் எழுத்தை மாற்ற முடியுமா என்று கேட்டேன். “ஏலே, செத்தவுக பேரப் போட்டா கேஸு என்னாச்சுன்னு நாலு பேரு கேப்பான். கேஸே கெடையாது. அன்னைக்கே பேசி முடிச்சிட்டாக. எழுத்து மாறுனா போர்டு இருக்காது, போர்டுக்காரரு ஊர்ப் பிள்ளைகளுக்கு வேல குடுக்காரு. ஒனக்கு அங்கன ஒக்காந்துக்கிட்டு இது வெளங்காது” என்றார். பிறகு சமாதானமாக, “மதினி சொன்னாளா? அவ அப்பிடித்தான். நீ மனசுல வச்சுக்காத” என்றார். எனக்கே ஆறுதல் சொன்னார்.

5

இங்கே நகரமன்றத்தில் பட்டாசுத் தடை விவாதத்துக்கு வரும் நாளில், குடிமக்கள் ஐந்து நிமிடம் பேசலாம். குழுவின் சார்பில் என் பெயரை மார்த்தா பல வாரங்களுக்கு முன்பே கொடுத்திருந்தார். செயலக அதிகாரி மின்னஞ்சலில் உரையை முன்கூட்டியே கேட்டார். எந்தத் தகுதியில் பேசுகிறீர்கள் என்றும் கேட்டார். நிபுணரா, வணிகரா, பாதிக்கப்பட்டவரா? இரண்டு நாள் யோசித்து, ‘இந்த நகரில் குடியிருப்பவர்’ என்று எழுதினேன். நான் அனுப்பியிருந்தது வௌவால் உரை.

தாமரையிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. சமையலறை மேசையில் கறுப்பு அட்டையை விரித்து, நகரமன்ற வாசலில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்குச் சிறகு வெட்டிக்கொண்டிருந்தாள். பேனாக்கள் போட்டு வைத்திருந்தது, ஊரில் செல்வி மதினி மடிக்கக் கற்றுக்கொடுத்த ஒரு பட்டாசுப் பெட்டியில். நான் சொல்லி முடிக்கும்வரை கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

“அப்போ நான் ஸ்கூல்ல, ரோட்ல, எல்லார்ட்டயும் பொய் சொன்னேனா?”

“நீ சொல்லலைம்மா. நான் சொன்னது.”

“நீங்க ஜர்னலிஸ்ட்தானே, அப்பா?”

அவள் தமிழ் குறைந்துகொண்டே வருகிறது. கோபம் வந்தால் இரண்டாம் வாக்கியத்தில் டச்சுக்குப் போய்விடுவாள். அன்று கடைசிவரை தமிழிலேயே பேசினாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

“செல்வி பெரியம்மாவோட அம்மா பேரு என்ன?”

பேச்சி என்று மதினியின் அப்பா கத்திக்கொண்டு ஓடியது மட்டும்தான் எனக்குத் தெரியும். முழுப் பெயர் தெரியாது என்றேன். தாமரை என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, வெட்டிய சிறகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

மதினிக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். ‘முத்துப்பேச்சி’ என்று பதில் வந்தது. சபையில் சொல்லலாமா என்று கேட்டேன். நேரம் எடுத்துக்கொண்டு, ‘சொல்லுங்க. சரியாச் சொல்லுங்க’ என்று அனுப்பினார்.

உரையைப் புதிதாக எழுதினேன். நான் தவறாகச் சொன்னது, ஊர் ஏன் வெடிப்பதில்லை, முத்துப்பேச்சி, அவரோடு இறந்த நான்கு பெண்கள், போர்டு, பெட்டி, முதலாளி. உரக்கப் படித்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. எதையாவது வெட்ட வேண்டும். போர்டையும் பெட்டியையும் முதலாளியையும் வெட்டினேன். பட்டாசுத் தடையோடு அவற்றுக்கு நேரடித் தொடர்பில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பெயரும் சாவும் கண்ணீரும் உள்ளே இருந்தன. ஏன் என்பதற்கு இந்த முறையும் இடம் போதவில்லை.

அவையில் பிசகாமல் பேசினேன். மரியாதைச் சொற்கள்கூட இடம் மாறவில்லை. முத்துப்பேச்சி என்ற பெயரை நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன். முடித்ததும் கைதட்டல். அந்த அவையில் கைதட்டக் கூடாது என்று விதி உண்டு, தலைவர் மேசையைத் தட்டி நிறுத்துவார். அன்று அவரும் கைதட்டினார். பார்வையாளர் வரிசையில் சிலர் எழுந்து நின்றார்கள்.

எனக்குள் ஓர் இதம் பரவியது. செய்தி முதல் பக்கத்தில் வந்த நாட்களில் வரும் இதம். அதை இப்போது எழுதும்போது முகம் சுடுகிறது.

வெளியே வந்ததும் மார்த்தா என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே அழுதிருந்தார். “முன்பு சொன்னதைவிட இது எவ்வளவோ வலுவானது” என்றார். “வௌவாலை எடுத்துவிடுவோம். அந்தப் பெண்ணின் படம் கிடைக்குமா?”

“படமே இல்லை.”

“அப்படியானால் வரையலாம். சுவரொட்டிக்கு வௌவால் வரைந்து தந்தாரே, அவரே வரைவார். அந்தப் பெண்ணின் மகளிடம் மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அனுமதி முக்கியம்.”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தாமரை பக்கத்தில் நின்றிருந்தாள். அவளிடம் ஒரு பை நிறைய, யாரும் மாட்டாத கறுப்புச் சிறகுகள் இருந்தன.

6

ஞாயிற்றுக்கிழமை மதினிக்கு விடுமுறை. காலையில் அழைத்தேன். தாமரையும் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டாள். பள்ளிப் பாடத்தை விரித்து வைத்திருந்தாள், ஆனால் பக்கத்தைப் புரட்டவில்லை. மார்த்தாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டிய நாள் அது.

அங்கே துணி துவைக்கும் சத்தம் கேட்டது. மதினி ஈரக் கையோடு எடுத்தார்.

“சொல்லுங்க கொழுந்தனாரே. சாப்பிட்டீகளா? பிள்ள என்ன செய்யுது?”

“இங்கதான் இருக்கா.”

“சபையில பேசியாச்சா?”

“பேசிட்டேன் மதினி.”

“பேரச் சொன்னீகளா?”

“சொன்னேன்.”

“முழுசா?”

“முழுசாச் சொன்னேன். தலைவரு திருப்பிச் சொல்லிப் பாத்தாரு.”

“அவுக வாயில நொழஞ்சிச்சா?” மதினியின் குரலில் லேசான சிரிப்பு வந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வருகிற மாதிரி ஒரு சிரிப்பு. “எப்படிச் சொன்னாரு?”

“முத்துப்பெச்சின்னு சொன்னாரு.”

“பரவால்ல. சொன்னாருல்ல.” வாளியை நகர்த்தும் சத்தம். “பெறகு?”

“பெறகு எல்லாரும் கைதட்டுனாங்க.”

சத்தம் நின்றது. பின்னால் ஏதோ ஒரு வீட்டில் தொலைக்காட்சி பாடியது.

“கைதட்டுனாகளா?”

“ஆமா மதினி.”

“எதுக்கு?”

குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவனிடம் கேட்கிற மாதிரி கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தாமரை பென்சிலை வைத்துவிட்டு என் வாயைப் பார்த்தாள். அவர் அம்மாவை வரைந்துகொள்ளலாமா என்று கேட்கத்தான் அழைத்திருந்தேன். கேட்கவில்லை.

“தெரியலை மதினி” என்றேன்.